ஆந்தை, அப்பர், ஏ/எல்

கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியை ஊடறுத்துச் செல்லும் பெருந்தெருவுக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பெயர். ஜாலான் என்பது தெரு. துன் என்பது மலேசியாவின் மிக உயர்ந்த விருதோடு வரும் பட்டம். எஞ்சி நிற்பது சம்பந்தன் ஒருவரே. 1955 முதல் 1973 வரை மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்தவரும், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட நாளில் தொழிலாளரை நிலவுடைமையாளராக்க எண்ணி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவருமான அவரைத் தமிழர் வீ. தி. சம்பந்தன் என்றே எழுதிவந்தனர். அவ்விரண்டு எழுத்துகளில் 'தி' அவருடைய சொந்தப் பெயரின் முற்பகுதியாகிய திருஞானம். 'வீ' மட்டுமே அவர் தந்தை வீராசாமி. பலகை எழுதியவர்கள் இரண்டையும் விட்டுவிட்டார்கள். மகன் பெயரில் ஒரு பெருந்தெரு இருக்கிறது. அதில் தந்தைக்கு ஓரெழுத்தும் இல்லை.

பலகையில் இல்லாத தந்தை அந்தத் தெருவில் நடந்து போகிற தமிழரின் சட்டைப்பையில் இருக்கிறார். அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள்: கண்ணன் ஏ/எல் முருகன், கயல்விழி ஏ/பி முருகன். ஏ/எல் என்பது 'அனாக் லெலாக்கி', ஆண்பிள்ளை. ஏ/பி என்பது 'அனாக் பெரெம்புவான்', பெண்பிள்ளை. ஆங்கிலேயர் காலத்து ஏடுகளில் எஸ்/ஓ, டி/ஓ என்று இருந்த குறிகள் மலாய் ஆட்சிமொழியானபின் இவ்வாறு மாறின. சிங்கப்பூரில் பழைய குறிகளே இன்றும் நிற்கின்றன. அதே பதிவு முகப்பில் வரிசையில் நிற்கும் மலாய்க்காரர் அரபிலிருந்து வந்த 'பின்', 'பிந்தி' கொண்டு தந்தையைச் சேர்ப்பார். சீனர் குடிப்பெயரை முன்னே நிறுத்திப் பேச்சை முடித்துக்கொள்வார். தமிழரோ தம் தந்தையைத் தம்மோடு இணைக்க மலாய் மொழியை இரவல் வாங்கியிருக்கிறார்கள்.

இரவல் வாங்கிய சொல் எளிய சொல்லும் அன்று. மலாய் மொழியில் 'அனாக்' என்பது பிள்ளை என்ற பொருளோடு நின்றுவிடுவதில்லை. பேராற்றில் வந்து சேரும் சிற்றாறு 'அனாக் சுங்கை', ஆற்றின் பிள்ளை. திறவுகோல் 'அனாக் குஞ்சி', பூட்டின் பிள்ளை. வில்லை விட்டுப் பாயும் அம்பு 'அனாக் பானா'. ஏணியின் ஒவ்வொரு படியும் 'அனாக் தாங்கா'. நாம் கண்மணி என்றும் பாவை என்றும் கொஞ்சுவதை அவர்கள் 'அனாக் மாத்தா', கண்ணின் பிள்ளை என்கிறார்கள். பெரியதொன்றைச் சார்ந்து நின்று அதன் வேலையை முடித்துவைக்கும் சிறியது எதுவோ அதுவே அனாக். 'பெரெம்புவான்' என்ற சொல்லுக்குள் 'எம்பு' என்னும் பெருமகனைக் குறிக்கும் பழஞ்சொல் பொதிந்திருப்பதாக மலாய் அறிஞர் காட்டுவர். மகளுக்கு அமைந்த குறிக்குள் ஒரு தலைமை ஒளிந்திருக்கிறது என்பதை ஏ/பி எழுதும் எத்தனை தந்தையர் அறிவரோ!

தமிழில் இதற்கென ஒரு வடிவம் இல்லாமலா போயிற்று? இருந்தது, அதுவும் தொல்காப்பியர் இலக்கணம் வகுக்கும் அளவுக்கு வழக்கில் இருந்தது. தந்தை பெயரும் மகன் பெயரும் மக்கள் முறையில் தொகும்போது தந்தை பெயரின் ஈற்றிலுள்ள 'அன்' கெட்டு அவ்விடத்தில் 'அம்' என்னும் சாரியை வந்து நிற்கும் என்பது எழுத்ததிகாரத்தில் அவர் சொல்லும் விதி. சாத்தனுக்கு மகனாகிய கொற்றன், சாத்தங்கொற்றன். கொற்றனுக்கு மகனாகிய கொற்றன், கொற்றங்கொற்றன். மகன் என்ற சொல் வரவில்லை, வேற்றுமையுருபு வரவில்லை, தந்தைக்கும் மைந்தனுக்கும் நடுவில் ஒரே ஒரு மூக்கொலி மட்டும் நின்று பிறப்புறவு முழுவதையும் சுமக்கிறது. சாரியைக்குத் தனிப்பொருள் இல்லை என்று படித்திருக்கிறோம்; இங்கே அது ஏ/எல் செய்கிற வேலையைச் செய்கிறது. கடவுச்சீட்டின் அடியில் கருவி படிக்கும் வரிகளில் சாய்கோட்டுக்கு இடமில்லை. அங்கே நம் ஏ/எல் கோட்டை இழந்து 'ஏஎல்' என்று ஒட்டிக்கொள்ள, வெளிநாட்டு அலுவலர் அதை அரபு அடைமொழியோ என்று மயங்கவும் கூடும். தொல்காப்பியரின் அம்முக்கு இந்தத் தொல்லை இல்லை. முருகன் மகன் கண்ணன் முருகங்கண்ணன். எந்தக் கருவியும் இடறாது.

சங்கப் புலவர் பெயர்களில் விரிந்த வடிவமும் உண்டு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரை அளக்கர் ஞாழலார் மகனார் மள்ளனார் என்று ஊரும் தந்தையும் முன்னே நடக்க, புலவர் கடைசியில் வருவார். முன்னெழுத்தைத் தலையில் வைத்துக்கொள்ளும் தமிழ்நாட்டு வழக்கத்துக்கு இவையே முன்னோடி. பெயரை முன்னே சொல்லித் தந்தையைப் பின்னே நிறுத்தும் மலேசிய முறையோ இதற்கு எதிர்த்திசையில் நடக்கிறது.

இன்னும் வியப்பானது வேறொன்று. மகன் தந்தையின் பெயரைத் தாங்குவதுபோலவே தந்தையும் மகனின் பெயரைத் தாங்கியிருக்கிறார். ஆதனுக்குத் தந்தை என்பது 'ஆதன் தந்தை'. அது இடையெழுத்துகள் கெட்டு 'ஆந்தை' ஆகும். பூதனுக்குத் தந்தை 'பூந்தை'. இவ்விரண்டுக்கும் தொல்காப்பியர் தனி நூற்பாவே ஒதுக்கியிருக்கிறார். எத்தனை வாய்களில் தேய்ந்திருந்தால் அவ்வளவு தூரம் சுருங்கியிருக்கும்! ஆந்தை என்றதும் இரவுப்பறவை கண்முன் வந்தால் அது நம் காலத்தின் குறை. பிசிர் என்னும் பாண்டிநாட்டு ஊரில் வாழ்ந்த ஆந்தையாரே பிசிராந்தையார். நரைக்காமல் இருப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கு, மாண்புடைய மனைவியையும் அறிவு நிரம்பிய மக்களையும் முதற்காரணங்களாகச் சொன்ன புறநானூற்று 191ஆம் பாட்டு அவருடையது. மகன் பெயராலேயே ஊரறிந்தவர் மக்களால் தம் முடி கறுத்திருப்பதாகச் சொல்வது பொருத்தந்தானே. அவர் நேரில் காணாமலே நட்புக் கொண்டிருந்த கோப்பெருஞ்சோழனின் வீட்டிலோ கதை வேறு. பெற்ற மக்களே அவன்மீது படைதிரட்டி வர, அவனும் போருக்கு எழ, புல்லாற்றூர் எயிற்றியனார் தடுத்து அறிவுரை கூறினார். அரசன் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தான். பாண்டிநாட்டிலிருந்து ஆந்தையார் வந்து அருகே அமர்ந்து உயிர் நீத்தார். தந்தைமை முறிந்த ஒருவனுக்குத் துணையாக, பெயரிலேயே தந்தையாகிய ஒருவர்.

ஆந்தை ஒழிந்தது, வழக்கம் ஒழியவில்லை. கிள்ளானின் அடுக்குமாடி வீடுகளில் கணவனைப் பெயர்சொல்லிக் கூப்பிடாத மூத்த பெண்கள் இன்றும் 'கவிதா அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பள்ளி வாசலில் காத்திருக்கும் ஆண்களும் அங்கே தம் பெயரை இழந்து இன்னார் அப்பா ஆகிவிடுகிறார்கள். அடையாள அட்டை ஒரு திசையைத்தான் பதிவுசெய்கிறது.

இனித் 'தந்தை' என்னும் சொல்லுக்குள் போவோம். இது தனியாகப் பிறந்த சொல் அன்று, மூவரில் ஒருவன். எந்தை என்றால் என் தந்தை, நுந்தை என்றால் உன் தந்தை, தந்தை என்றால் அவன் அல்லது அவள் தந்தை. முன்னே நிற்கும் எம், நும், தம் மாறப் பின்னுறுப்பு மாறாமல் நிற்கும். தாய்க்கும் இவ்வாறே யாய், ஞாய், தாய் என்று மூன்று இருந்தன; செம்புலப்பெயனீரார் இருவீட்டுப் பெற்றோரையும் ஒரே பாட்டில் கொண்டுவந்து நிறுத்த இந்த வேறுபாடே உதவிற்று. எம்பி, நும்பி, தம்பி. எங்கை, நுங்கை, தங்கை. ஆக, யாருடையவர் என்று சொல்லாமல் தந்தையைச் சொல்லவே பழந்தமிழில் வழியில்லை. மொழிக்கு முதலில் குற்றியலுகரம் வருவது நுந்தை என்னும் இந்த முறைப்பெயரில் மட்டுமே என்று தொல்காப்பியர் குறிக்கிறார்; உன் அப்பன் என்று சொல்லும்போது மட்டும் தமிழன் உகரத்தைக் குறுக்கியிருக்கிறான். பின்னர் எந்தை இறைவனைக் குறிக்கும் சொல்லாய் உயர்ந்தது, நுந்தை மறைந்தது, படர்க்கைக்குரிய தந்தை மூன்றிடத்துக்கும் பொதுவாயிற்று. 'என் தந்தை' என்று எழுதும்போதெல்லாம் 'என் அவர்தம்' என்று இரண்டு உரிமைகளை அடுக்குகிறோம், யாருக்கும் உறுத்துவதில்லை. தகப்பனும் அதே அச்சில் வார்த்ததே: தம் அப்பன் தமப்பனாகிப் பிறகு தகப்பன் ஆனான். தமையன், தமக்கை அவனுடைய உடன்பிறப்புகள்.

கிள்ளான் பள்ளத்தாக்கு இச்சொற்களுக்கு நல்ல விளைநிலம். தமிழ்நாட்டு மரபினர் வீட்டில் அப்பா. தொடர்வண்டித் துறைப் பணிக்காக வந்து பிரிக்ஃபீல்ட்ஸில் வேரூன்றிய யாழ்ப்பாணத்தார் வீட்டில் ஐயாவும் அப்புவும். வட்டித்தொழில் செய்த நகரத்தார் வீட்டில் அப்பச்சி. தமிழ் முஸ்லிம்கள் சிலரிடம் வாப்பா, சிலரிடம் அத்தா. அத்தன் என்பது தேவாரம் சிவபெருமானுக்கு வழங்கிய சொல். பொதுவழக்கில் அருகிவிட்ட அதன் விளி இன்று இசுலாமிய இல்லங்களில் நாள்தோறும் ஒலிக்கிறது. மலாய் மொழியில் தந்தைக்கு 'ஆயா' என்றும் 'பாப்பா' என்றும் வழங்குவதைக் கேட்டதும் ஐயாவையும் அப்பாவையும் அவற்றோடு முடிச்சுப்போட நம் கை துறுதுறுக்கும். வேண்டாம். உதடு ஒட்டித் திறக்கும் ஒலிகள் உலகத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் முதலில் வாய்ப்பவை. பெற்றவர்கள் அவற்றைத் தம்மைக் குறித்தனவாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒலியொப்புமை ஒன்றே உறவுக்குச் சான்றாகாது.

வெளியே சென்று மலேசியப் பொதுச்சொத்தான தமிழ் முறைப்பெயர்களையும் எண்ணிப்பார்க்கலாம். எந்த இனத்து இளைஞனும் நண்பனை 'மச்சா' என்கிறான். கடைக்காரருக்கு 'அண்ணே'. 'தம்பி' மலாய்க்குள் நுழைந்து அலுவலக ஏவலாளாய்த் தாழ்ந்தது; அன்புச்சொல் சம்பளப் பட்டியலில் கடைசி வரிக்குப் போன கதை அது. தமிழ் முஸ்லிம் உணவுக்கடையைக் குறிக்கும் 'மாமாக்' நம் மாமாவே என்பர் பலர். மினாங்கபாவு வழக்கிலும் தாய்மாமனுக்கு மாமாக் என்றே பெயர் இருப்பதால், இரண்டு ஓடைகள் ஓரிடத்தில் கலந்திருக்கலாம் என்பது என் எண்ணம். மச்சான், அண்ணன், தம்பி, மாமன் எல்லாரும் கடைவீதிக்குப் போய்விட, அப்பா மட்டும் வீட்டைவிட்டு வெளியேறவில்லை. வெளியேறியிருந்தாலும் இடர்ப்பட்டிருப்பார், மலாயில் 'அப்பா' என்றால் 'என்ன' என்று பொருள்.

ஆனால் தமிழுக்குள் அப்பா நிரம்ப அலைந்திருக்கிறார். சீர்காழியில் பிள்ளையாகிய திருஞானசம்பந்தர், தம்மினும் பல்லாண்டு மூத்த திருநாவுக்கரசரை அப்பரே என்று அழைத்தார் என்கிறது பெரியபுராணம். பெற்றவர் வைத்த மருணீக்கியார், இறைவன் தந்ததாகச் சொல்லப்படும் நாவுக்கரசர் ஆகிய இரண்டையும் தாண்டி, பிள்ளை அழைத்த பெயரே நாட்டில் நிலைத்தது. குருதியுறவு இல்லை, மணவாழ்வும் இல்லை. ஒரு குழந்தையின் விளி அவரைத் தந்தையாக்கியது. அந்தச் சம்பந்தரின் பெயரைத் தாங்கியவர்தாம் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவின் சம்பந்தன். தம் பிள்ளை என்று எவருமின்றித் தந்தை பெரியார் எனப்பட்டவர் நம் காலத்து எடுத்துக்காட்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரோடு ஒட்டிய சாதிப்பட்டத்தை விடச் சொன்னது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மலாயாவுக்குக் கப்பலேறினார். மலேசியத் தமிழர் பெயர்களில் சாதி அருகிப்போனதற்கு அந்த இயக்கம் ஒரு காரணம். பெயருக்குப் பின்னே தந்தைக்கு மட்டும் இடம் கொடுத்த பதிவுமுறையும் மற்றொரு காரணம் என்று தோன்றுகிறது.

பெற்ற மகனையே தந்தை 'வாப்பா', 'என்னப்பா' என்று அழைப்பதையும், மகளை 'அம்மா' என்பதையும் கேட்டுக்கேட்டு நமக்குப் பழகிவிட்டது. அயலவர் கேட்டால் திகைப்பார். இதன் வேர் பேரனில் இருக்கிறது. பேரன் என்பது பெயரன். பாட்டன் பெயரைப் பெற்றவன். தன் தந்தையின் பெயரைத் தாங்கிப் பிறந்த மகனை அப்பெயர் சொல்லி அதட்ட நா எழுமா? அதனால் அவனையும் அப்பா என்றும் ஐயா என்றும் அழைத்துப் பழகியிருக்க வேண்டும். மதிப்பை மேலே செலுத்தும் சொல் ஒரு தலைமுறை தாண்டிக் கீழே இறங்குகிறது. பத்துமலையில் நெடிதுயர்ந்து நிற்கும் முருகனுக்கு இன்னொரு பெயர் தகப்பன்சாமி, தகப்பனுக்கே பொருளுரைத்த சாமி. வீட்டில் எதிர்க்கேள்வி கேட்கும் பிள்ளைக்கும் அதுவே பட்டம், பாதி எரிச்சலும் பாதி பெருமையுமாக.

ரப்பர்த் தோட்டத்துப் பாட்டன்களின் பெயர்களை எழுத்தர்களாகிய கிராணிமார் காதில் விழுந்தபடி எழுதினார்கள். லட்சுமணன் என்று ஏட்டில் இருக்க வேண்டியது லெட்சுமணனாயிற்று, லட்சுமி லெட்சுமியானாள். பிழை என்று நகைப்பவர் நகைக்கட்டும். 1901இல் திறந்த சுவெட்டன்ஹம் துறைமுகத்தில், 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப்படும் அந்தக் கரையில், இறங்கியவர்களின் நாவொலியை இன்று அவர்கள் கொள்ளுப்பேரனின் ஏ/எல் வலப்பக்கத்தில் அப்படியே கேட்கலாம். எந்தக் கல்வெட்டும் அவர்களுக்கு எடுக்கப்படவில்லை.

ஏ/எல்லில் தாய்க்கு இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தக் குறை பெயரோடு நிற்காமல் வழக்காகவும் வந்தது. பிள்ளையின் சமயத்தை முடிவுசெய்பவர் யார் என்று கூறும் மலேசிய அரசமைப்பின் 12(4)ஆம் பிரிவில் ஆங்கில மூலம் பெற்றோரை ஒருமையில் சொல்ல, மலாய்ப் பெயர்ப்பு 'இபு அத்தாவு பாப்பா', தாய் அல்லது தந்தை, என்று எழுதிவைத்தது. 2009இல் மதம் மாறிய ஒரு தந்தை தாயறியாமல் மூன்று பிள்ளைகளையும் மாற்றிவிட, அந்தத் தாய் தொடுத்த இந்திரா காந்தி வழக்கில் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐவர் ஆயம் 2018 ஜனவரி 29 அன்று ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது: ஒருமை பன்மையையும் அடக்கும், இருவர் இசைவும் வேண்டும். தமிழில் இந்த வழக்கு எழுந்திருக்காது. பெற்றவன் உண்டு, பெற்றவள் உண்டு; பெற்றோர் என்றால் பலர்பால், இருவரும் இல்லாமல் அச்சொல் நிறைவதில்லை.

ஆண்மையையும் இவ்வாறு பிரித்துப் பார்க்க இடமுண்டு. ஆண் என்பதோடு மை சேர்ந்தாலும் ஆண்மை, ஆள் என்பதோடு மை சேர்ந்து ளகரம் ணகரமாய்த் திரிந்தாலும் ஆண்மை. மீசையும் உரத்த குரலும் முதலதற்கு உரியவை. வேளாண்மை, தாளாண்மை, மேலாண்மை எல்லாம் இரண்டாவதன் வழிவந்தவை, பொறுப்பேற்று ஆளுதல் என்ற கருத்துடையவை. குடிசெயல்வகையில் நல்லாண்மை எது என்று சொல்ல வந்த திருவள்ளுவர் (1026) போர்க்களத்தின் பக்கமே போகவில்லை. தான் பிறந்த குடியை ஆளும் பொறுப்பைத் தனதாக்கிக்கொள்வது என்றார், அதற்கு அவர் ஆண்ட சொல் இல்லாண்மை.

தாய்மை நமக்குப் பழகிய சொல். தந்தைமை இப்போதுதான் எழுத்தில் நடை பயில்கிறது. 2023 ஜனவரி 1 முதல் மலேசியத் தனியார் துறையில் மனைவியின் பேறுகாலத்தில் கணவனுக்கும் ஏழு நாள் விடுப்பு உண்டு, ஐந்து பேறு வரைக்கும்; தாய்க்குரிய விடுப்பு அதே திருத்தத்தால் 60இலிருந்து 98 நாளாயிற்று. இதைத் தந்தைமை விடுப்பு என்று சொல்வாரோடு எனக்குப் பூசல் இல்லை. ஆயினும் குழந்தையைக் குளிப்பாட்டவும் இரவில் விழித்திருக்கவும் அடுப்பைப் பார்த்துக்கொள்ளவும் வீட்டில் நிற்கும் ஆணுக்கு வள்ளுவர் கைவசம் ஒரு சொல் வைத்திருக்கும்போது இல்லாண்மை விடுப்பு என்றே எழுதலாமே. ஏழு நாளுக்கு அச்சொல் சற்றுப் பெரிது என்பீர்கள். நாள் கூடட்டும்.